கோதுமை இல்லாத புதுநன்மை

இருபத்து மூன்று பேர் வரிசையில் நிற்கிறோம். பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பெண்பிள்ளைகளுக்குத் தரையைக் கூட்டும் வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. உருகிய மெழுகு என் பெருவிரல் நகத்தில் சொட்டுகிறது. சுடுகிறதே என்று ஊதுகிறேன். திரியும் சேர்ந்து அணைந்துவிடுகிறது.

எனக்கு முன்னால் நிற்கும் கிளாட்வின் திரும்பிப் பார்த்து, தன் திரியைச் சாய்த்துப் பற்றவைக்கிறான். இது மூன்றாவது தடவை.

கோயிலின் பக்கக் கதவுகள் திறந்திருக்கின்றன. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் மூச்சு உள்ளே வந்து, பூக்கிரீடங்களைத் தொட்டு, மெழுகுச் சுடர்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகிறது. காலை வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக இறங்கி, கிளாட்வினின் எண்ணெய் வழியும் பிடரியில் நீலமாகவும் மஞ்சளாகவும் மிதக்கிறது. தண்ணீருக்கடியில் நிற்பது போல இருக்கிறது எனக்கு.

முதன்முதலாக நற்கருணை வாங்கும் இந்த நாளைக் கடற்கரையில் புதுநன்மை என்போம். எட்டு, ஒன்பது வயதில் வரும். வெள்ளை அப்பத்தைச் சாமியார் நாக்கில் வைப்பார். கடிக்காமல் விழுங்க வேண்டும்.

எனக்கு முன்னால் இருபத்திரண்டு நாக்குகள் அதற்குத் தயாராக இருந்தன. கடைசி ஆளாக நான். அகர வரிசைப்படி அல்ல, உயரப்படியும் அல்ல. எனக்குத் தரப்போவது வேறு.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. மற்ற அம்மாக்கள் எல்லாம் முன்பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, என் அம்மா மட்டும் பீடத்துக்குப் பக்கத்திலுள்ள அறையின் வாசலில் நிற்கிறாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கண் சாமியாரின் கையைவிட்டு நகரவில்லை. கப்பலில் வந்த பெட்டியைச் சந்தேகப்படும் சுங்க அதிகாரி மாதிரி நிற்கிறாள்.

அவள் ஏன் அங்கே நின்றாள் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பெருங்காய டப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், என் வயிற்றிலிருந்து.

பேத்தை

இந்தத் தொடரில் போன வாரம் நான் எங்கள் தெரு ரகசியங்களை அவிழ்த்துவிட்டதைப் படித்த ஒரு வாசகி, "உங்களுக்கு வயிற்றில் எதுவுமே தங்காதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். தங்காது அம்மணி. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பேத்தை என்று ஒரு மீன் உண்டு. வலையில் சிக்கினால் வயிற்றை ஊதிப் பந்தாகிவிடும். யாரும் தின்ன மாட்டார்கள். பிள்ளைகள் காலால் உருட்டி விளையாடுவார்கள். ஆறு வயதில் தெருவில் எனக்கு அதுதான் பெயர். கை கால்கள் தீக்குச்சி. நடுவில் வயிறு மட்டும் யாரோ தவறாக ஒட்டவைத்த பானை போல.

வகுப்பில் எனக்கு நிரந்தர இடம் கதவோரம். ஓடுவதற்கு வசதி. தமிழ் எழுத்துகளில் பாதியை நான் வகுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவிலுள்ள வராந்தாவில்தான் கற்றேன். என் கையெழுத்தோடு மல்லுக்கட்டும் இந்த இதழின் உதவி ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே நம்பினார்.

பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து குடித்தேன். கண்ணேறு என்றார்கள், மிளகாயைச் சுற்றிப் போட்டார்கள். நான் இருமினேனே தவிர இளைக்கவோ பெருக்கவோ இல்லை.

உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு நம் ஊரில் என்ன கொடுப்பார்கள்? காய்ச்சல் என்றால் பாலில் நனைத்த பிரெட். வயிறு சரியில்லை என்றால் ரஸ்க். எதுவுமே பிடிக்கவில்லை என்றால் பன். இவையெல்லாம் மற்ற வீடுகளில் கடைக்கு ஆள் அனுப்பி வாங்க வேண்டிய பொருட்கள். எங்கள் வீட்டில் அந்தச் சிரமம் கிடையாது. என் அப்பா பேக்கரி மாஸ்டர்.

விறகு போட்டு எரிக்கும் பெரிய செங்கல் அடுப்பு முன்னால்தான் அவருடைய வாழ்க்கை. வேலை முடிந்து வரும்போது புருவத்தில், காதுமடலில், முழங்கை மயிரில் எல்லாம் மைதா படிந்திருக்கும். சட்டைக்குள் காகிதத்தில் சுற்றிய ஒரு பன் இருக்கும். அது ஆறக்கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிளை ஒற்றைக் கையில் ஓட்டிவருவார்.

"எய்யா, இந்தா, சூடா இருக்கு. ஒரு வாய் தின்னுரு. தெம்பு வரும்."

அப்பா பிய்த்த பன்னிலிருந்து ஆவி எழும். அதன் வாசனையில் ஒரு தூக்கம் இருந்தது. அவர் மடியில் சாய்ந்தபடியே தின்பேன். மறுநாள் வயிறு இன்னும் மோசமாகும். பார்த்துவிட்டு அப்பா கூடுதலாக ஒரு பன் கொண்டுவருவார்.

இப்படிப் பாசத்தால் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தடுக்கவில்லை. பன் நன்றாக இருந்தது.

மதுரையில் ஒரு கேள்வி

கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்தார். பிறகு ஒரு குழாயை என் தொண்டைக்குள் விட்டு, குடலை எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். சீலியாக் என்று பெயர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என் குடலுக்கு ஆகாது. அது உள்ளே போனால் என் உடம்பே என் குடலை அரித்துவிடும். மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது. ஆயுசுக்கும்.

அப்பா மெதுவாகக் கேட்டார்.

"சார், பன்னு?"

"பன்னை எதுல செய்றாங்க?"

"மைதாலதான்." அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான்தான் சார் செய்யுதேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் நானும் ஒரு சீட்டில். பக்கத்தில் இடம் இருந்தும் அப்பா நடைபாதைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அம்மா இடத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார். அது பெட்டியில் மடித்துவைத்திருந்த நல்ல சட்டை. பேக்கரி பக்கமே போகாத சட்டை.

ஊர் நெருங்கும்போது சாயங்காலமாகிவிட்டது. உப்பளங்கள் வந்தன. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் ரோஸ் நிறத்தில் படுத்திருந்தது. நடுநடுவே வெள்ளைக் குவியல்கள். நான் பயந்துபோய்க் கேட்டேன்.

"அப்பா, அதெல்லாம் மைதாவா?"

நடைபாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா சொன்னார். "இல்ல ராசா. உப்புதான். அது ஒன்ன ஒண்ணும் செய்யாது."

அதற்குப் பிறகு பல வருடங்கள் என் கனவில் அந்த வெள்ளை மலைகள் வந்தன. சில நாள் உப்பு, சில நாள் மைதா. நக்கிப் பார்த்தால்தான் தெரியும். நக்குவதற்குள் விழித்துவிடுவேன். கனவிலும் பத்தியம்.

டப்பாவின் முதுகு

சொந்தக்காரர்களுக்கு இந்த வியாதியின் மேல் மரியாதையே வரவில்லை. "சோறு திங்கிற ஊர்ல கோதுமை ஆகலேன்னா என்ன போச்சு? இட்லி தின்னுட்டுப் போட்டும்" என்றார்கள். நியாயம்தானே? இட்லி, புட்டு, இடியாப்பம், ரசம் சோறு, சாளை மீன் குழம்பு. எங்கள் குசினியில் அம்மா கோதுமை என்ற பேச்சையே ஒழித்துவிட்டாள்.

இரண்டு மாதம் போனது. மூன்று மாதம் போனது. வயிறு இன்னும் வலித்தது.

அப்பா தன்னைத்தான் சந்தேகப்பட்டார். பேக்கரியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டு வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டார். வீட்டு வாசலில் மறுபடியும் குளித்தார். பிறகு என்னைத் தூக்குவதை நிறுத்தினார். மடியில் ஏறப் போனால், "அங்கன இருய்யா, அப்பா மேலெல்லாம் மாவு" என்று நகர்ந்துகொண்டார். தொட்டால் ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போனால்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்ப மறுத்தார்.

கடைசியில் பேக்கரி வேலையை விட்டுவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் கையால் ஆன மக்ரூன் இனிப்புக்காக வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்தக் கை மூட்டை தூக்குவதை அம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒரு வாரம் பொறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வயிறு வலிக்கும்போதெல்லாம் அம்மா எனக்கு ஒரு வைத்தியம் செய்வாள். மோரில் பெருங்காயப் பொடியை ஒரு கிள்ளு கரைத்துக் கொடுப்பாள். அன்றைக்கும் வலித்தது. அம்மா டப்பாவை எடுத்தாள். மூடி இறுகிவிட்டது. புரட்டிப் பிடித்துத் திருகியபோது டப்பாவின் முதுகில் எறும்பு போல ஊர்ந்த ஆங்கில எழுத்துகள் கண்ணில் பட்டன. பத்தாவது வரை படித்தவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

டப்பா கீழே விழுந்தது.

பெருங்காயம் தனியாக வருவதில்லை. அதோடு மாவு கலந்துதான் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். அந்த டப்பாவில் இருந்தது கோதுமை மாவு. ரசத்தில் ஒரு கிள்ளு, சாம்பாரில் ஒரு கிள்ளு. வயிறு வலித்தால் மோரில் இன்னொரு கிள்ளு. அதாவது, மருந்தால் வலி வந்தது. வலிக்கு அதே மருந்து. மூன்று மாதம் நானும் ஏப்பம் விட்டுக்கொண்டு அதைக் குடித்திருக்கிறேன்.

அப்பா வந்து குளித்ததும் அம்மா வாசலிலேயே டப்பாவை நீட்டினாள். அவர் வாசிக்கவில்லை, அம்மா வாசித்துச் சொன்னாள். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அப்பா கேட்டார்.

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

"நெசமாவா, ஏளா?"

"நெசமாத்தான். இந்தச் சனியன்தான்."

அப்பா படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தலை துவட்டாததால் வந்த தண்ணீர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஹார்பர் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் வாசல் குளியல் நிற்கவில்லை. என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கும் பழக்கமும் போகவில்லை. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதை மறக்க அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பதில் வேறொன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு லீவு. சனிக்கிழமை எரிந்த செங்கல் அடுப்பில் மறுநாளும் சூடு இருக்கும். கடையைக் கழுவிவிட்டு, புதுக் காகிதம் விரித்து, எனக்கென்று ஒரு தட்டு மக்ரூன் போடுவார். முட்டை வெள்ளை, சீனி, முந்திரி. ஒரு துளி மாவு கிடையாது. வாயில் வைத்தால் முதலில் நொறுங்கும், பிறகு காணாமல் போகும். மேகத்தை யாராவது சுட்டுவைத்தால் அப்படித்தான் இருக்கும்.

இடையில் ஒரு சொந்தப் பெருமை

இப்போது சூப்பர் மார்க்கெட்டில் எனக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. குளூட்டன் ஃப்ரீ என்று எழுதிய பிஸ்கட்டைத் தின்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. விருந்துகளில் நான் பரோட்டாவை ஒதுக்கினால், "டயட்டா சார்? எத்தனை கிலோ குறைந்தது?" என்று கேட்கிறார்கள். என் தொப்பையைப் பார்த்த பிறகும் கேட்கிறார்கள். மனிதர்கள் நல்லவர்கள்.

நான் இந்த நாகரிகத்தை ஆரம்பித்தபோது அதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பேத்தை.

நாக்குப் பயிற்சி

ஒன்பது வயதில் புதுநன்மை வகுப்பு தொடங்கியது. வயிறு வற்றியிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. செபங்களை எல்லோருக்கும் முன்னால் ஒப்பித்தேன். வாய் வேலை என்றால் எனக்கு எப்போதுமே சுலபம்.

ஒரு நாள் சிஸ்டர் ஒரு டப்பாவோடு வந்தார். மந்திரிக்காத வெறும் அப்பங்கள். நாக்கை நீட்டி வாங்கப் பயிற்சி. வரிசையாக வந்து என் முன்னால் நின்றபோது, அவர் கையிலிருந்த அந்த மெல்லிய வெள்ளை வட்டத்தைப் பார்த்து, அம்மா எனக்குள் ஊட்டி வளர்த்த கேள்வியைக் கேட்டேன்.

"சிஸ்டர், இது எதுல செஞ்சது?"

சிஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கிலேயே பதில் தெரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் கிளாட்வின் கேட்டான். அவன் அப்பா சங்கு குளிப்பவர். மூச்சடக்குவது அந்தக் குடும்பத் தொழில். ஆனால் இவனால் ஒரு பேச்சைக்கூட அடக்க முடியாது.

"ஏலே, அப்ப ஒனக்குப் புதுநன்மை கிடையாதா?"

"தெரியலடே."

"வெள்ளைச் சட்டை எடுத்தாச்சா?"

"தைக்கக் குடுத்தாச்சு."

"அப்ப அதப் போட்டுக்கிட்டு என்னலே செய்வ? வெளிய நின்னு செருப்புக்குக் காவல் இருப்பியா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பரோட்டா கிடையாது என்றபோது அழவில்லை. பிறந்தநாள் கேக் கிடையாது என்றபோதும் அழவில்லை. இது தீனி இல்லை. எல்லோரும் உள்ளே போகும் ஒரு கதவு. என் குடலைப் பார்த்து அது சாத்திக்கொள்கிறது.

தருவைகுளத்துச் சித்தி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, அது என்ன மாவா? மந்திரிச்ச பொறவு அது சாமியில்லா? சாமி பிள்ளைக்கு வயித்து வலி குடுப்பாரா? ஒனக்கு விசுவாசம் பத்தல."

"சாமி மேல எனக்கு விசுவாசம் இருக்கு" என்றாள் அம்மா, மீனைக் கழுவிக்கொண்டே. "கோதுமை மேலதான் இல்ல."

ஒரு கிள்ளு

மறுநாள் அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். வயதானவர். நிறைய நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். திடீரென்று திறந்தார்.

"அப்பம் கோதுமைலதாம்மா இருக்கணும். அது சட்டம். அரிசில சுடலாமான்னு நான் மேல எழுதிக் கேக்கலாம். பதில் வாரதுக்குள்ள இவன் மவன் புதுநன்மை எடுத்துருவான்."

அப்பாவின் தலை தொங்கிவிட்டது.

"பொறுங்கய்யா, முடிக்கல. அப்பம் இல்லாம திராட்சை இரசம் மட்டும் வாங்குனாலும் முழு நன்மைதான். ஒரு குறையும் கிடையாது. இவனுக்கு அத நான் குடுக்கேன்."

"அப்ப இவனும் நன்மை வாங்கலாமா சாமி? மத்த பிள்ளைகளோட?"

"வாங்கலாம்யா."

அப்பா கும்பிட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை. அவள் கண் சுவரில் எங்கோ இருந்தது. மனதுக்குள் ஒரு பூசையை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"பூசையில பெரிய அப்பத்த உடைச்சு, அதுல ஒரு கிள்ளு எடுத்து அந்த இரசப் பாத்திரத்துக்குள்ள போடுவீங்கல்லா?"

சாமியாரின் கை மேசைமேல் அப்படியே நின்றது. மணிக்கூண்டில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன.

"முப்பது வருசமாப் போடுதேன்" என்றார் மெதுவாக. "இப்பம்தான் நெனச்சுப் பாக்கேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு கிள்ளுதானம்மா. அதுவும் கரைஞ்சு போயிரும்" என்றார்.

"பெருங்காயமும் ஒரு கிள்ளுதான் சாமி. கரைஞ்சுதான் போச்சு."

பெருங்காயக் கதையை அவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் எழுந்து போய் அலமாரியைக் குடைந்து, ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்துவந்தார். பெரியதின் குட்டி போல இருந்தது. இதில் தனியாக இரசம் ஊற்றிப் பீடத்தில் வைப்பேன், இதில் எதுவும் போடமாட்டேன் என்றார்.

அம்மா தன் பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்தாள். அதை எப்போது வைத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அடையாளத்துக்கு இதோட கால்ல கட்டட்டா சாமி?"

"கட்டும்மா. நீ பிள்ளைய எனக்கு நம்பிக் குடுக்கதே பெருசு."

விஷயம் வகுப்பில் பரவியதும் ஒரே நாளில் என் நிலைமை தலைகீழானது. எல்லோருக்கும் அப்பம், எனக்கு மட்டும் ஒயின். மறுநாள் மூன்று பையன்களுக்குக் கோதுமை ஆகாமல் போய்விட்டது. முதல் ஆள் கிளாட்வின்.

"சிஸ்டர், நேத்து பரோட்டா தின்னேன். வயிறு ஒரு மாதிரி வருது."

"எத்தன பரோட்டா?"

"எட்டு, சிஸ்டர்."

"அதுக்குப் பேரு வியாதி இல்ல. உக்காரு."

பேத்தை என்ற பெயர் அன்றோடு போனது. அதற்குப் பதில் குடிகாரன் என்று கூப்பிட்டார்கள். பதவி உயர்வுதான்.

சிவப்பு நூல்

அன்றைக்குக் காலையில் வீட்டில் முழந்தாளிட்டேன். கோயிலுக்குக் கிளம்பும் முன் தாயும் தகப்பனும் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுவது எங்கள் வழக்கம். அம்மா போட்டாள். அப்பா அப்போதுதான் பேக்கரியிலிருந்து வந்திருந்தார். பூசை முடிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கேக்குகள் அவர் கையால் செய்தவை. இருமுறை குளித்தும் நகக்கண்ணில் வெள்ளை இருந்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பொறவு போடுதேன்யா. நீ கெளம்பு."

ஆகவே நெற்றியில் பாதி ஆசீர்வாதத்தோடு, கையில் மூன்று முறை அணைந்த மெழுகுவர்த்தியோடு, இதோ வரிசையில் நிற்கிறேன்.

வரிசை நகர்கிறது. நாக்குகள் ஒவ்வொன்றாக நீண்டு, வெள்ளை வட்டத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகின்றன. கிளாட்வின் வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு, சங்கு குளிக்க இறங்குபவன் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனான்.

நான்.

சாமியார் பீடத்துக்குத் திரும்பினார். அங்கே பெரிய பாத்திரமும் சின்னதும் இருந்தன. முப்பது வருடப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. கை பெரியதை எடுத்தது. கோயில் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அதை ஏந்தி என்னை நோக்கி வந்தார்.

வாசலில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பூசைக்கு நடுவில் கத்த முடியாது. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பாத்திரம் என் முகத்துக்கு நேராக வந்தது. அதன் காலில் நூல் இல்லை. பளபளத்த விளிம்பில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. இரசத்தின் வாசனை வந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: குடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு மடக்கு. ஒரு வாரம் வயிறு வலிக்கும். வலிக்கட்டுமே, எனக்குப் பழகியதுதானே? எல்லோர் முன்னாலும் மறுபடி வித்தியாசமானவனாக நிற்பதைவிட அது சுலபம்.

அப்போது கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அப்பாவைப் பார்த்தேன். கையை இன்னும் பின்னால்தான் கட்டியிருந்தார். நாளைக்கு எனக்கு வயிறு வலித்தால் இந்த மனிதர் பாத்திரத்தை நினைக்க மாட்டார். தான் செய்த கேக்கை நினைப்பார். மறுபடியும் தன் கையைத்தான் பார்ப்பார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நானாக வாயை மூடியது அன்று ஒருநாள்தான்.

"கிறிஸ்துவின் இரத்தம்" என்றார் சாமியார்.

தலையாட்டி மறுத்தேன். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடியது. புதுநன்மை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அந்தக் கோயில் அதற்கு முன் பார்த்திருக்காது. சித்தி சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது.

சாமியார் குனிந்தார். உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தேன்.

"சாமி, நூலு."

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னை. அந்த வயதான முகம் ஒரு நொடி பிள்ளை முகமாகிவிட்டது. திரும்பிப் போய்ப் பெரியதை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துவந்தார். சிவப்பு நூலின் நுனி ஆடிக்கொண்டே வந்தது.

குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, பிறகு தொண்டையில் ஒரு சின்ன வெயில். கண்ணாடி ஜன்னலிலிருந்து வந்த நீலம் என் சட்டையில் அலை போல ஏறி இறங்கியது. பாட்டு எங்கோ மேலே கேட்டது. வாசலில் அம்மா கதவு நிலையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அந்தக் காலையில் முதல் தடவையாக அவள் எதையும் பார்க்கவில்லை.

குழாயடி

பூசை முடிந்து முற்றத்தில் கேக் கொடுத்தார்கள். எனக்குத் தனிப் பொட்டலத்தில் மக்ரூன். கிளாட்வின் வந்து என் வாயை மோந்து பார்த்தான்.

"ஏலே, தலை சுத்துதா?"

"லேசா."

"பாவி. ஒண்ணு குடு." பொட்டலத்துக்குள் கையை விட வந்தவனை, கேக் தின்ற கை என்பதால் தடுத்துவிட்டு, நானே ஒன்றை எடுத்து அவன் வாயில் போட்டேன். சாமியாரிடம் வாங்கியது போலவே நாக்கை நீட்டி வாங்கினான்.

அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன்.

கோயிலுக்குப் பின்புறம் குழாயடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்கத் தண்ணீர். பக்கத்தில் ஒரு முழு சோப்பு, புதியது. நகக்கண்களை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் சுரண்டி, கழுவி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் கழுவினார். நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"அப்பா, இன்னும் தேய்ச்சா தோல் கழண்டுரும்" என்றேன்.

திரும்பினார். "பாத்தேன்யா" என்றார். "நீ வாய மூடுனத நான் அங்கன இருந்து பாத்தேன்."

"ரெண்டு கிள்ளு மைதா வேணும்னா இப்பம் திம்பேன்" என்று ஏதோ உளறினேன். அவர் சிரிக்கவில்லை.

"முட்டி போடு."

"இங்கனயா? புது டிரவுசரு."

"அழுக்கானா தொவைக்கலாம். போடு."

ஈரத்தரையில் முழந்தாளிட்டேன். அப்பா கிட்டே வந்தார். அந்த ஒரு முழத்தைத் தாண்டி வந்தார். பெருவிரலை மறுபடி ஒருமுறை வெயிலில் பார்த்தார். பிறகு என் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒன்று, குறுக்காக ஒன்று போட்டார். அடுப்பருகே நின்று நின்று காய்த்துப்போன விரல். சோப்பு மணத்தது. சிலுவை போட்டு முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அப்படியே என் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் காதோரமாக இறங்கி, புதுச் சட்டைக் காலருக்குள் போனது. கடல்காற்று நன்றாகத்தான் அடித்தது. ஆனாலும் அந்த ஈரம் காய நெடுநேரமானது.